அடைத்த வராந்தாக்கள்

கரும்பாலைக்குப் பின்னால் இருக்கும் கோர்மன் தெருவைப் பழமைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்த்து எழுதும் வேலை வந்தபோது டோரிஸ் அட்டார்ட் முதலில் மறுத்துவிட்டாள். ஆஸ்திரேலியாவின் மக்காய் நகர மன்றத்துக்காக இருபது வருஷமாகப் பழைய கட்டடங்களை மதிப்பிட்டு வருகிறவள்தான். ஆனால் நான்கு வயதில் மால்டாவிலிருந்து அவள் குடும்பம் வந்து இறங்கியது அந்தத் தெருவில்தான். அந்த உறவையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், வேறு ஆள் இல்லை என்றார் அவளுடைய அதிகாரி.

ஜூன் மாதம். ஆலை ஓட ஆரம்பித்திருந்தது. தெரு முழுக்கக் காய்ச்சிய பாகின் வாசனை. அந்த வாசனை வந்தால் அம்மா வானத்தைப் பார்ப்பாள். வெட்டுவதற்கு முன் தோகை போக எரிக்கும் கரும்புக் காட்டிலிருந்து கரித்தூள் பறந்து வருவதற்குள் கொடியிலிருக்கும் துணியை உருவ வேண்டும். டோரிஸ் தன்னையறியாமல் ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டாள்.

தூண்கள் மேல் நிற்கும் இருபத்திரண்டு மரவீடுகள். ஆலைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்காக அந்தக் காலத்தில் கட்டியவை. கட்டியபடியே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று படிவம் கேட்டது. மத்தியானத்துக்குள் பதினாறு வீடுகளுக்கு 'மாற்றப்பட்டது' என்று எழுதியாயிற்று. எல்லாம் ஒரே மாற்றம்தான்: முன்வராந்தாவை ஆஸ்பெஸ்டாஸ் தகடு வைத்து அடைத்து, கண்ணாடிப் பட்டை ஜன்னல் போட்டு அறையாக்கியிருந்தார்கள். இப்படியே போனால் தெரு தேறாது. தேறாவிட்டால் அடுக்குமாடி கட்டக் காத்திருக்கும் கம்பெனிக்கு வழி திறந்துவிடும்.

பதினேழாவது வீடு சார்லி டெபோனோவுடையது. டோரிஸோடு படித்தவன், ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் ரயிலை ஓட்டி ஓய்வுபெற்றவன். கடப்பாரையும் கையுமாக வராந்தாவில் நின்றான். மூன்று தகடுகள் கீழே கிடந்தன.

"வா டோரிஸ். அடுத்த வாரம் வந்தா ஆலைக்காரன் கட்டின மாதிரியே இருக்கும். முழு மார்க் போட்டுரு."

"யாரு ஒன்ன இத உடைக்கச் சொன்னது?"

"நீதான். போன மாசம் தெருக்காரங்க கூட்டத்துல சொன்னியே, மாத்தாத வீடுதான் ஒசத்தின்னு."

சொல்லியிருந்தாள்.

"மொதல்ல கடப்பாரையக் கீழ வை. அது ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூசி உள்ள போனா நெஞ்சுக்குக் கேடு. லைசென்ஸ் உள்ள ஆளுங்கதான் கழட்டணும்."

"அறுபது வருஷமா இதுக்குள்ளதான மூச்சு விடுறேன்" என்று முணுமுணுத்தாலும் கடப்பாரையை வைத்துவிட்டான்.

பிரிந்த இடைவெளி வழியாக அறை தெரிந்தது. அதில்தான் அப்பா, அம்மா, தம்பி, அவள், நால்வரும் இரண்டு வருஷம் இருந்தார்கள். அப்பா கரும்பு வெட்டிவிட்டு முகமெல்லாம் கரியோடு வருவார். சார்லி ஜன்னல் பட்டை வழியாகக் கொய்யாப்பழம் நீட்டுவான்.

"எங்க அறைடா இது" என்றாள் டோரிஸ்.

"ஒங்களது மட்டுமா? ஒங்களுக்கு முன்னாடி கிரெக்குன்னு ஒரு குடும்பம். அப்பறம் மால்டா பக்கத்துக் கோசோத் தீவுலேருந்து அண்ணன் தம்பி ரெண்டு பேரு..." அவன் விரல் மடக்கினான். ஆறு குடும்பம் வந்தது.

டோரிஸ் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பிறகு இருவருமாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இருட்டுவதற்குள் தெரு முழுக்கக் கேட்டு முடித்தார்கள். கப்பலில் சொந்தக்காரன் வருகிறான் என்று கடிதம் வந்த பிறகுதான் ஒவ்வொரு வராந்தாவும் அடைபட்டிருந்தது. அடைத்தவை பதினேழு வராந்தாக்கள், அவற்றில் தங்கிக் காலூன்றியவை எழுபத்தொரு குடும்பங்கள்.

இந்தத் தெருவின் மதிப்பு ஆலை கட்டியதில் இல்லை, வந்தவர்கள் அடைத்ததில் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதினாள். பட்டியலை முடிவுசெய்யும் குழுவில் ஒரு கட்டடக் கலைஞர், ஆஸ்பெஸ்டாஸையா காப்பாற்றச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். உடையாத தகட்டை வண்ணம் பூசி மூடிவைக்கலாம், உடைந்ததை அதே அளவில் ஆபத்தில்லாத தகடாக மாற்றலாம் என்றாள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தெரு தப்பியது.

சார்லியின் வீடும் பட்டியலில் வந்தது, ஆனால் 'ஒரு பகுதி அழிந்தது' என்ற குறிப்போடு. அவன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. "ஒம் பேச்சக் கேட்டுத்தான் ஒடச்சேன்" என்று வேறு ஆள் மூலம் சொல்லியனுப்பினான். அது உண்மைதான் என்று டோரிஸுக்குத் தெரியும்.

புதுத் தகடு ஏறியதும் அவனே கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட மால்டாப் பலகாரம், பாஸ்டிட்சி, ஒரு தட்டு நிறைய. அறைக்குள் போய் நின்று டோரிஸ் சுற்றிப் பார்த்தாள். நினைத்ததைவிட ரொம்பச் சின்னது.

"நாலு பேரு எப்படிப் படுத்தோம் இதுல?"

"நாலு பேரு எங்க படுத்தீங்க? ஒங்கப்பா படிக்கட்டுல ஒக்காந்தே தூங்குவாரு. நாங்கதான் காலையில தாண்டிப் போவோம்."

அவளுக்கு அது இதுவரை தெரியாது. கையிலிருந்த பாஸ்டிட்சியைக் கடிக்காமல் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.