கண்ணாடிக் கூட்டில் கருப்பட்டி

ஹரிகுமாருக்கு ஞானம் பிறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செல்போனில். முப்பத்தொன்பது வயதுவரை தக்கலையில் ஒரு அரசு அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு, சாயங்காலமானால் பரோட்டா தின்றுகொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்த மனுஷன். யாரோ இணையத்தில் நடத்திய இருபத்தொரு நாள் தியான வகுப்பில் சேர்ந்தான். இருபத்திரண்டாம் நாள் வீட்டில் இருந்தவர்களுக்குக் கஷ்டகாலம் தொடங்கியது.

வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். மனைவி அஞ்சு, அப்பா அய்யம்பெருமாள். நாலரைக்கு எல்லோரும் எழும்ப வேண்டும். ஐந்திலிருந்து ஏழுவரை ஹரிகுமார் மொட்டைமாடியில் மௌனம். அதுவரை வீட்டு செல்போன்கள் எல்லாம் அலமாரிக்குள், சாவி அவன் இடுப்பில். ராத்திரிச் சாப்பாடு மாலை ஆறுக்கே முடிந்துவிடும், அடுத்த வாய் காலை பத்துக்கு. சீனியும் கருப்பட்டியும் வீட்டை விட்டுப் போயின. பழத்திலும் விஷம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டபின் பின்பக்கத்து ஏத்தன் வாழைக்குலையும் அடுத்த வீட்டுக்குப் போனது.

குறை சொல்லக்கூடாது, அவனுக்கு எட்டு கிலோ குறைந்தது. அலுவலகத்தில் நாலு பேர் ரகசியம் கேட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. தன் உடம்பு தேறியதும் பிறத்தியார் உடம்பைத் தேற்றக் கிளம்பிவிட்டான்.

எல்லாவற்றிலும் கொடுமை அந்த நோட்டுப்புத்தகம். தினமும் மாலை ஏழு மணிக்கு மூன்று பேரும் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். அன்றைக்கு விழிப்பில்லாமல் செய்த தப்பை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவன் சிவப்பு மையில் எழுதிக்கொள்வான். தப்புச் செய்தவருக்கு மறுநாள் மத்தியானம்வரை வெறும் தண்ணீர். இருபத்தைந்து வருஷம் நாலு ஏக்கர் நெல்வயலை அதட்டலாலேயே நடத்திய அய்யம்பெருமாள், மகன் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். பெண்டாட்டி தாணம்மாள் போனதிலிருந்தே அவருக்குச் சத்தம் போய்விட்டது.

அவருக்குச் சர்க்கரை வியாதி, தினமும் காலையில் இன்சுலின் ஊசி. இந்தப் பத்து மணிச் சாப்பாடு வந்தபிறகு ஒருநாள் அவருக்கு வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கி, கண் செருகிவிட்டது. அன்றைக்கு ஹரிகுமார் அந்த வகுப்புக்காரர்கள் நடத்திய ஒரு முகாமுக்குப் போயிருந்தான். அஞ்சுதான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் அவளிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார்.

"சர்க்கரை கூடினா மெதுவாத்தான் கெடுக்கும். குறைஞ்சா உடனே ஆளைக் கொண்டுபோயிரும். ஊசி போட்டா வேளைக்குச் சாப்பிடணும். எப்பவும் கையில ஒரு துண்டு இனிப்பு வச்சுக்கிடுங்க."

ஹரிகுமார் வந்ததும் இதைச் சொன்னாள். "அவங்க மருந்து விக்குதவங்க, அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான்.

கிழவர் தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டார். பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு துண்டுக் கருப்பட்டி, காகிதத்தில் பொதிந்து, தலையணைக்குக் கீழே. அதற்கப்புறம் இரண்டு முறை அவருக்கு வேர்த்தது. இரண்டு முறையும் அஞ்சுதான் கூட்டைத் திறந்து வாயில் வைத்தாள். பத்து நிமிஷத்தில் எழும்பி உட்கார்ந்து, "அவன்கிட்ட சொல்லிராத மக்ளே" என்றார். "நான் எதுக்குச் சொல்லுதேன் மாமா" என்றாள் அவள்.

ஆவணி மாசம் ஒரு வியாழக்கிழமை அஞ்சு பிளவுஸ் தைக்கக் கொடுக்க மார்த்தாண்டம் போனாள். ஜங்ஷன் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏத்தன்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி பொன்னிறமாக இருந்தது. பத்து மணிச் சாப்பாட்டுக்கு நிற்காமல் கிளம்பியதால் வயிற்றில் ஒன்றுமில்லை. இரண்டு வாங்கி, கடைக்குப் பின்னால் நின்று, சூடு ஆறுமுன்னே தின்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. எண்ணெய்க் கையைச் சேலை முந்தானையில் துடைத்ததுதான் அவள் செய்த பிழை.

மாலை ஏழு மணிக்கு ஹரிகுமார் நோட்டைத் திறந்தான். மூக்கை இழுத்தான். அவனுக்குப் புலன்கள் எல்லாம் கூர்மையாகிவிட்டன என்று அவனே சொல்லிக்கொள்வான், அன்றைக்கு அது உண்மையாகப் போயிற்று.

"எண்ணெ மணம் அடிக்கி. யாரோ ஏதோ தின்னிருக்கியோ. சொல்லு ஏட்டி."

அஞ்சு முந்தானையைச் சுருட்டி மடிக்குள் வைத்தாள். தண்ணீர் குடித்துக் கிடப்பது பெரிசில்லை. அதற்குப்பின் வரும் மூன்று நாள் உபதேசம், ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் அவன் பார்க்கும் பார்வை, அதைத்தான் அவளால் தாங்க முடியாது. எப்படியாவது இந்தப் பார்வை தன்மேலிருந்து விலகினால் போதும் என்றிருந்தது.

"நான் ஒண்ணும் தின்னல்ல" என்றாள். அவன் பார்வை நகரவில்லை. "மாமா தலையணைக்குக் கீழ கருப்பட்டி வச்சிருக்காவ" என்றாள்.

சொல்லி முடிந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஹரிகுமார் உள்ளே போய்க் கண்ணாடிக் கூட்டோடு வந்தான்.

"அப்பா, இது என்னது?"

கிழவர் மருமகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். டாக்டர் சொன்னது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவரும் சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பயம், அவருக்கு வீம்பு.

"கருப்பட்டி" என்றார் அய்யம்பெருமாள்.

"சுகர் உள்ள ஆளு. கட்டிலுக்குள்ள விஷத்த வச்சிட்டுக் கெடக்கியளே, நாணமில்லையா?" ஹரிகுமார் கத்தவில்லை, கத்துவதை அவன் விட்டுவிட்டான். கருப்பட்டியை ஜன்னல்வழியே தூர எறிந்தான். சிவப்பு மையில் எழுதினான். "நாளைக்கு மத்தியானம்வரைக்கும் தண்ணி மட்டும். ஒங்க நல்லதுக்காக்கும்."

கிழவர் எழும்பிப் போகும்போது அஞ்சுவைத் தாண்டித்தான் போனார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

மறுநாள் காலை ஐந்தேகாலுக்கு அவள் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பிரிட்ஜ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மாமா ஊசி மருந்தை எடுக்கிறார். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. சாப்பாடில்லாத நாளில் ஊசி கூடாது என்று போய்ச் சொல்ல எழும்பினாள். நேற்றைக்கப்புறம் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தாள். ஒருநாள்தானே என்று திரும்ப உட்கார்ந்து, மிச்சத் தேங்காயையும் துருவினாள்.

ஒரு மணி நேரத்துக்குள் கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. ஓடினாள். வேட்டி, தலையணை எல்லாம் வேர்வையில் நனைந்து, கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. அவர் கை தலையணைக்குக் கீழே துழாவிக்கொண்டிருந்தது.

அடுக்களையில் டப்பா டப்பாவாகத் திறந்தாள். கொள்ளு, வெந்தயம், சீரகம், ஆளிவிதை. ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்லும் அந்த வீட்டில் ஒரு ஆளைப் பிழைக்கவைக்க ஒரு சிட்டிகைச் சீனி இல்லை. மாடிப்படியில் ஏறி, "இஞ்ச பாருங்க, மாமாவுக்கு வய்யல்ல, கண்ணு செருகிட்டு, போன் எடுக்கணும், சாவியத் தாருங்க" என்றாள். ஹரிகுமார் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை உயர்த்தினான். பொறு என்று அர்த்தம்.

அவள் பொறுக்கவில்லை. வாய்க்கால் வரப்பு வழியாக அடுத்த வீட்டு ரசலையனிடம் ஓடினாள். அவன் மனைவி வேளாங்கண்ணி என்ன ஏது என்று கேட்காமல் ஒரு டம்ளர் சீனியைக் கையில் திணித்தாள். ரசலையன் காரை எடுக்க ஓடினான். திரும்பி வரும்போது வரப்பில் வழுக்கி, பாதிச் சீனி வாய்க்காலில் போயிற்று. மீதியைத் தண்ணீரில் கரைத்து வாயில் விட்டாள். கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. விழுங்குவதற்கு ஆள் இல்லை.

ஏழு மணி அடித்ததும் ஹரிகுமார் இறங்கி வந்தான்.

ஆஸ்பத்திரியில் வரும்போதே உயிரில்லை என்றார்கள். சுகர் உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றான். அதோடு தீர்ந்தது. துட்டி கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் ஹரிகுமார் கண்கலங்கிச் சொன்னான். "ஒளிச்சு வச்சுக் கருப்பட்டி தின்னிருக்காரு. சுகர் கூடிப் போச்சு. ஒருநாள் முன்னால கண்டுபிடிச்சிருந்தா காப்பாத்தியிருப்பேன்." வந்தவர்கள் தலையாட்டினார்கள். சுகர் என்றால் கூடித்தான் கொல்லும் என்பது ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். குறைந்தும் கொல்லும் என்று தெரிந்த ஒருத்தி பின்பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் அடியந்திரம். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைத்துப் படைக்க வேண்டும். ஹரிகுமாரே கடைக்குப் போய் முழு வட்டுக் கருப்பட்டி வாங்கி வந்து இலை நடுவில் வைத்தான். "இனி இது அப்பாவ ஒண்ணும் செய்யாது" என்றான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பந்தியில் அடைப்பிரதமன் பாயசம் விளம்பியபோது அவன் மட்டும் இலையைக் கையால் மறைத்துக்கொண்டான். அப்பன் அடியந்திரத்திலும் கட்டுப்பாடு விடாத பிள்ளை என்று ஒரு சித்தப்பா மெச்சினார்.

எல்லோரும் போனபின் மாலை ஏழு மணிக்கு அவன் கூடத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான்.

"பதினாறு நாள் விட்டுப்போச்சு. இன்னைக்குத் தொடங்குவோம். வா."

அஞ்சு எதிரே உட்கார்ந்தாள். எப்போதும் மூன்றாமவர் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு எண்ணெய் மணம் தன் சேலையிலிருந்து வந்தது, பழம்பொரி தின்றதை மறைக்க மாமாவைக் காட்டிக்கொடுத்தது, கருப்பட்டி டாக்டர் சொல்லி வைத்தது, ஊசி எடுத்த சத்தம் கேட்டும் எழும்பாமல் இருந்தது. "சர்க்கரை கூடிச் சாகல்ல. குறைஞ்சு செத்தாவ. நானும் நீங்களும் சேந்து கொன்னோம்" என்றாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள்.

ஹரிகுமார் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டான். மூன்று முறை இழுத்து விட்டான். கண்ணைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினான்.

"பழம்பொரி எத்தன?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"எத்தன தின்ன?"

"ரெண்டு."

தேதியைப் போட்டு, அவள் பெயரை எழுதி, பழம்பொரி இரண்டு என்று எழுதினான். "இப்பிடித்தான் வெளிப்படையா இருக்கணும்" என்றான். "நாளைக்கு மத்தியானம்வரைக்கும் தண்ணி."

"செரி" என்றாள் அஞ்சு.