கூழ்க்கடை மரத்துக்கு ஒரு கதை

கொண்டலூர் வட்டத்தில் கதை உள்ள மரத்தை வெட்டக்கூடாது. சாலைதான் வளைந்து போக வேண்டும். அதனால் கொண்டலூரிலிருந்து காரையூருக்குக் குறுக்கே நடந்தால் நாலு கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் பதினொன்று. முனி குடியிருக்கும் புளியமரம், ஏழு அண்ணன்மார் கிளியாகிப்போன ஆலமரம், கல்யாணத்தன்று ஒரு பெண் ஏறி இறங்காமலே இருந்துவிட்ட பனை என்று ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டுதான் பஸ் போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்டக்டர் அந்த மரத்தின் கதையைச் சொல்வார். இறங்க வேண்டியவர்கள்கூட, கதை முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

பூவாத்தாளின் கூழ்க்கடைக்கு நிழல் தந்த தூங்குமூஞ்சி மரத்துக்கு மட்டும் கதை இல்லை. எட்டு வருஷமாக அதன் அடியில் கம்பங்கூழ் ஊற்றுகிறாள். ஒரு நாள்கூட அண்ணாந்து பார்த்ததில்லை. அவளுக்கு அவள் பாடே பெரும்பாடு. லாரி ஓட்டப்போன கணவன் நாச்சிமுத்து, அதே எட்டு வருஷமாகச் சங்ககிரியில் மல்லிகா என்பவளோடு குடும்பம் நடத்துகிறான். ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தும், வந்தால் தட்ட வேண்டாமே என்று வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல்தான் படுக்கிறாள். மானங்கெட்ட மனசு, என்ன செய்ய!

சாலையை அகலப்படுத்துகிறவர்கள் வந்து, மரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டார்கள். திங்கட்கிழமை கதை ஆய்வாளர் வருவார், கதை இருந்தால் சொல்லலாம், இல்லையென்றால் மறுநாள் ரம்பம் என்றார்கள். மரம் போனால் நிழல் போச்சு. நிழல் போனால் கடை போச்சு. அந்த வெயிலில் நின்று கூழ் குடிக்க எவன் வருவான்?

சனிக்கிழமை அவள் புளியமரத்துக்கு நடந்தாள். அதற்கு ஐந்து கதைகள் இருந்தன. ஒன்றை இரவலாகக் கேட்டாள். முனி தாராளமானவர், சின்னதாக ஒன்றைக் கொடுத்தார். அதைக் கூழ்ப்பானையில் போட்டு, வாயைத் துணியால் வேடு கட்டி, தலையில் சுமந்து வந்தாள். காலையில் திறந்து பார்த்தால் புளித்துப்போயிருந்தது. வீணாக்குவானேன் என்று வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அவளே குடித்தாள். அன்று பூராவும் முனியின் குரலில் ஏப்பம் வந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வாளர் தெய்வசிகாமணி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்பு கூழ் குடித்தார், மீசையைத் துடைத்துக்கொண்டு படிவத்தைப் பிரித்தார்.

"மரத்துல யாருங்க அம்மணி இருக்கறது?"

பூவாத்தாள் அவர் குடித்த சொம்பை எடுத்துக் கழுவினாள்.

"சாமியோ, பேயோ, மனுசரோ, யாராச்சும் ஒருத்தர் இருக்கோணும். மனுசர்னா உங்களுக்கு வேணுங்கறவரா இருக்கோணும். வேண்டாதவங்கள மரம் எடுத்துக்காது. ஒருக்கா எழுதிட்டா அவரு அப்பறம் ஊட்டுக்குத் திரும்ப முடியாது, பாத்துக்குங்க."

பூவாத்தாள் முதல்தடவையாக மரத்தை அண்ணாந்து பார்த்தாள். மேலே ரோஸ் நிறத்தில் பூ பூத்துக் கிடந்தது. இரண்டு காக்கைக்கூடு, ஓர் அணில், என்றைக்கோ காற்று கொண்டுபோன அவளுடைய பச்சை ஜாக்கெட். ஒரு கிளை மடங்கி இன்னொன்றின்மேல் கிடந்தது. நாச்சிமுத்துவும் நெற்றிமேல் கையை மடித்துப் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். இத்தனையும் எட்டு வருஷமாகத் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

"எங்கூட்டுக்காரருங்க," என்றாள். "பேரு நாச்சிமுத்து."

"எப்படி உள்ள போனாரு?"

"லோடு எறக்கிப்போட்டு வந்தாருங்க. நல்ல மத்தியானம். இந்த வேர்ல தலைய வெச்சுச் சாஞ்சாரு. கூழ் ஊத்தி வெச்சிருக்கறேன், எந்திரிங்கன்னேன். இந்தா, ஒரு கண்ணு தூங்கிட்டு வாரேன்னாரு. எழுப்ப மனசு வரலீங்க. மரம் நெழல இழுத்துப் போத்தி உள்ள கூட்டிக்கிச்சு. பொழுது சாஞ்சா எலையெல்லாம் மூடிக்குதுங்களே, அது அவரு கண்ணு மூடறதுதானுங்க."

சொல்லச் சொல்ல அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொல்கிறோமே என்று அழவில்லை. இனிமேல் அவன் வரமாட்டான் என்றுதான் அழுதாள்.

தெய்வசிகாமணி எழுந்துபோய் அடிமரத்தைத் தட்டினார். "நாச்சிமுத்துங்களா?" என்று கேட்டுவிட்டுக் காதை வைத்தார். வெகுநேரம் தலையாட்டிக் கேட்டார். பிறகு 'ஆஜர்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

அன்றைக்குப் பூவாத்தாள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தாள்.

சாலை வளைந்தது. பஸ் திரும்பும்போது கண்டக்டர் கதையைச் சொன்னார். ஜன்னலோரம் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டி மரத்தைப் பார்த்தார்கள். ஆடு மேய்ப்பவர்கள் தழை ஒடிக்க வந்து, அண்ணன் தூங்குகிறார் என்று கொக்கியைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். பூவாத்தாள் மண்ணெண்ணெய்த் துணியால் அந்த வெள்ளை எண்ணைத் துடைத்தாள். தினமும் முதல் குடம் தண்ணீரை வேருக்கு ஊற்றினாள். ஊற்றும்போது எட்டு வருஷத்துக்கும் சேர்த்துவைத்துத் திட்டினாள். திட்டி முடித்தால் மனசு லேசாக இருந்தது.

ஒன்பதாம் நாள் உச்சிவேளையில் பஸ்ஸிலிருந்து ஒருத்தி தூக்குப்போசியோடு இறங்கினாள்.

"அக்கா, நான் சங்ககிரி மல்லிகா. அவரு இங்கதான் இருக்கறாருன்னு சொன்னாங்க. திங்கக்கெழம சோறு தின்னுட்டிருந்தவரு, பாதியில காணோம். தட்டு அப்படியே இருந்துச்சு."

பூவாத்தாள் முந்தானையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, உட்காரச் சொன்னாள். மல்லிகா போசியைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது.

"உப்பு தூக்கலாப் போட்டிருக்கறியே, வேரு தாங்குமா?"

"இனிமே போடலீங்கக்கா."

இருவரும் வேரடியில் இலையை விரித்துச் சோற்றைப் போட்டார்கள். மேலே இருந்து ஒரு கிளை மெல்ல இறங்கி வந்தது. பூவாத்தாள் சொம்பை எடுத்து, அது கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.