பிரேக் மேல் கால்

பன்னிரண்டு பேர் சேர்ந்து தள்ளியும் டிராக்டர் ஒரு சாண்கூட நகரவில்லை. தேவநாதன் பின்சக்கரத்துக்குத் தோளைக் கொடுத்து இன்னொரு தடவை முக்கிப் பார்த்தான். கால் சேற்றில் வழுக்கியதுதான் மிச்சம். பின்னால் பாட்டையிலேயே பாடையை இறக்கி வைத்திருந்தார்கள். அதில் அவன் அப்பா தாண்டவராயன் மாலைகளுக்கு நடுவில் படுத்திருந்தார். கடைசிப் பயணத்திலும் இந்த வண்டி ரிப்பேரில் நிற்கும் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

சுடுகாட்டுக்கு இருப்பது இந்த ஒரே வண்டிப்பாட்டை. ஒரு பக்கம் தண்ணீர் ஓடும் கால்வாய், மறுபக்கம் முள்வேலி. நடுவில் டிராக்டர். நேற்று சாயங்காலம் கியர் பாக்ஸ் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று அப்பாதான் அங்கே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார். இரண்டு உருண்டை கேப்பைக்களி சாப்பிட்டார். நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று படுத்தார். விடிந்தபோது உயிர் இல்லை. விழுப்புரத்தில் வாத்தியார் வேலையில் இருந்த தேவநாதனுக்கு ஆள் போய்ச் சொல்லி, அவன் திண்டிவனத்தில் பஸ் மாறி வந்து சேர மணி மூன்றாகிவிட்டது.

"பாடைய மேல தூக்கி, வண்டிக்கு அந்தாண்ட எறக்கிடலாமா?" என்றார் சித்தப்பா சீனுவாசன்.

"டிராக்டர் மேல ஏத்தியா?"

"பின்ன இன்னாதான்டா பண்றது? பொழுது போய்க்கினே இருக்குது. உயிரோட இருக்கும்போதும் பேஜாரு, இப்பவும் பேஜாரு."

சித்தப்பாவைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. தேவநாதனுக்கும் அதேதான் தோன்றியது. பழைய வண்டி, குட்டி வண்டி, வேண்டாம் என்று எல்லோரும் தலையால் அடித்துக்கொண்டார்கள். அப்பா கேட்கவில்லை. மாசியில் வாங்கினார், சித்திரையில் சூடேற ஆரம்பித்தது. அதிலிருந்து மூன்று மாதத்தில் அவனுக்குப் பதினோரு கார்டு எழுதினார். நலம், நலமறிய ஆவல் என்பதற்கு அடுத்த வரியே கியர் பாக்ஸ்தான். எண்ணெயை இரண்டு முறை மாற்றினார். ஈரச் சாக்கைப் போர்த்தினார். வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லையில் ஒரு மணி நேரம் உழுதால் அரை மணி நேரம் மரத்தடியில் நிறுத்தினார். அம்மா லட்சுமியம்மாள் தினமும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். மாட்டைக்கூட அந்த வீட்டில் யாரும் அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

தேவநாதன் ஏதோ ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு முடிவு கட்டியிருந்தான். ஓட்டுகிறவர் பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் கியர் பாக்ஸ் சூடாகும். அப்பாவுக்குக் கால் பழக்கம் சரியில்லை. இதைப் போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னான். சும்மா சொல்லவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டி நடித்தும் காட்டினான். கடையே சிரித்தது.

"நா கால வெக்கல," என்றார் அப்பா.

"உங்களுக்கே தெரியாம வெப்பீங்கப்பா."

"என் காலு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நீ போயி பசங்களுக்குப் பாடம் சொல்லு. என் காலுக்குச் சொல்லாத."

அப்பா அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. அதை நினைத்தபோது தேவநாதனுக்கு வருத்தத்தோடு எரிச்சலும் வந்தது, இத்தனை பிடிவாதம் ஒரு மனுஷனுக்கு எதற்கு என்று.

அப்போது வேலியோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவர் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் ஸ்பேனர் பை.

"தாண்டவராய ஐயா இன்னிக்கு வரச் சொல்லியிருந்தாரு. திண்டிவனத்துலேருந்து வர்றேன். மெக்கானிக் சவுரிராயன்," என்றவர், பாடையைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் டிராக்டரைப் பார்த்தார்.

"நகர மாட்டேங்குதுங்க," என்றான் தேவநாதன். "பொணம் நிக்குது."

சவுரிராயன் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். சனம் பனைமர நிழலுக்குப் போயிற்று. மேளக்காரர்கள் பீடி பற்றவைத்தார்கள். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க தேவநாதன் மட்டும் கூட உட்கார்ந்தான்.

முதலில் கியர் பாக்ஸின் பக்கவாட்டு போல்ட்டைத் திருகி, விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். "எண்ணெ அளவு சரியாத்தான் இருக்குது. ஆனா கருகிப்போயிருக்கு." பின்சக்கரங்கள் இரண்டின் பக்கமும் போய்க் குனிந்தார். "இங்க பாருங்க சார். வலது பக்கம் பெயின்ட் பொரிஞ்சிருக்கு. இடது பக்கம் புதுசாட்டம் இருக்கு. சூடு கியருலேருந்து வரல. வலது பிரேக்குலேருந்து வருது. அது கியர் பாக்ஸோட ஒட்டியே இருக்கறதால மொத்தமும் காயுது."

"அதான் நானும் சொன்னேன். அப்பா கால வெச்சிக்கினே ஓட்டுவாரு."

மெக்கானிக் சக்கரத்துக்கு ஒன்றாக இருந்த இரண்டு பிரேக் பெடலையும் கையால் அமுக்கிப் பார்த்தார். இடது பெடல் லேசாக ஆடியது. வலது பெடல் ஆடவில்லை.

"இது மேல வரவே இல்லையே. கால எடுத்தாலும் பாதி பிரேக்கு புடிச்சிக்கினே இருக்கும். நேத்து இழுத்து இழுத்து அப்பிடியே கவ்விக்கிச்சு." அவர் பெடலுக்குக் கீழிருந்த தகட்டைக் கழற்றி, உள்ளே கையை விட்டார். கொஞ்ச நேரம் துழாவினார். "என்னவோ மாட்டிக்கினு இருக்கு."

ஒரு திருகலில் வந்தது. கிரீஸில் ஊறிய சிறு முடிச்சு. பெடல் டக்கென்று மேலே எழும்பியது.

சவுரிராயன் அதைக் கட்டைவிரலால் துடைத்தார். மஞ்சள் துணி, கறுப்புக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. கூடவே கொஞ்சம் விபூதி. "யாரோ வேண்டிக்கினு கட்டியிருக்காங்க. கட்டும்போது பழம் பச்சையா இருந்திருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. காஞ்சி எறங்கி இடுக்குல போயி சிக்கிக்கிச்சு," என்று சொல்லி அதை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

யாரோ இல்லை. மஞ்சளில் நனைத்திருந்தாலும் துணியின் ஓரத்தில் மெல்லிய ஊதாக் கரை தெரிந்தது. முதல் சம்பளத்தில் அவன் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்த புடவை. சாமியே இல்லை என்று முப்பது வருஷம் வாதாடியவர் அப்பா. வண்டி வந்த அன்றைக்கு ஒரு சந்தனப் பொட்டுக்கூட வைக்கவிடவில்லை. அம்மா அவருக்குத் தெரியாமல் மலையனூர் கோயிலுக்குப் போய் வந்து, அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, இதில் அவர் உயிருக்கு ஒன்றும் வரக்கூடாது என்று கட்டியிருக்கிறாள்.

அப்பா காலை வைக்கவில்லை.

"இன்னாப்பா, கண்டுபுடிச்சாச்சா?" சித்தப்பா நிழலிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். அவர் பின்னால் மற்றவர்களும். "இன்னா ரிப்பேரு?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். தேவநாதன் கையை மூடிக்கொண்டான். இது இப்போது சித்தப்பா காதுக்குப் போனால் கொள்ளி வைத்துத் திரும்புவதற்குள் அம்மா காதுக்குப் போய்விடும். அவளிடம் யாராவது, நீ கட்டியதுதான் அவரை வெயிலில் அலைய வைத்துக் கொன்றது என்று சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் அவளே சொல்லிக்கொள்வாள்.

"காலு," என்றான். "நா சொன்னதுதான். அப்பா பிரேக்கு மேலயே கால வெச்சிக்கினு ஓட்டியிருக்காரு."

சவுரிராயன் அவனை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து தகட்டை மாட்ட ஆரம்பித்தார்.

"அதான பாத்தேன்," என்றார் சித்தப்பா. "எத்தினி தடவ சொன்ன நீயி. எங்கண்ணன் என்னிக்குத்தான் ஒருத்தர் சொல்லக் கேட்டாரு." பின்னால் ஒருவர் மெதுவாகச் சிரித்தார். டீக்கடையில் சிரித்தவர்களில் ஒருவர்தான். தேவநாதன் பாடைப் பக்கம் திரும்பாமல் சக்கரத்துக்குத் தோளைக் கொடுத்தான். இந்த முறை நாலு பேர் தள்ளியதற்கே டிராக்டர் சுலபமாக உருண்டு போய், வேலியிலிருந்த கொல்லைத் திறப்பில் ஒதுங்கி நின்றது.

சுடுகாட்டில் வரட்டி அடுக்கும்போது அந்த முடிச்சை மடியிலிருந்து எடுத்து, அப்பாவின் வலது கால் பக்கம் செருகினான். சாமி முடிச்சு என்று தெரிந்தால் எழுந்து உட்கார்ந்து சண்டை பிடிப்பார். பிடிக்கட்டும் என்று நினைத்தான். அதற்காகவாவது எழுந்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது டிராக்டரை அவனே ஓட்டி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் தண்ணீர்க் குடம் இருந்தது. பழக்கதோஷம். வண்டியருகே வந்த பிறகுதான் அவளுக்கே நினைவு வந்ததுபோல நின்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கியர் பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடல."

"ம்."

"காலுதான்னு உங்க சித்தப்பா சொன்னாரு. நெசமாடா?"

"ஆமாம்மா."

"பாவி மனுசன். நா வெக்கலடி, வெக்கலடின்னு சோத்துக்கு முன்னாடி உக்காந்துக்கினு சத்தியம் பண்ணாரு. நானும் நம்பல. கால எடுத்துத் தொலைங்களேன்னுதான் அன்னிக்கும் சொன்னேன்." அவள் குரல் உடைந்தது. "ஒரு நாளாச்சும் ஆமாங்க, நீங்க வெக்கலன்னு சொல்லியிருக்கலாம் நானு."

தேவநாதன் இறங்கி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அப்பா ஜெயிப்பார். அம்மா அவ்வளவுதான்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவன் பார்க்கவில்லை என்று நினைத்து, பெடலுக்குக் கீழே குனிந்தாள். தகட்டின் இடுக்கில் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினாள். அவன் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து அவள் கையை எடுத்தாள். விரலெல்லாம் கறுப்புக் கிரீஸ்.

"என்னாம்மா?"

"ஒண்ணுமில்ல," என்றாள். அவனைப் பார்க்கவில்லை. "கை கழுவணும்."

அவன் குடத்தைச் சாய்த்தான். அவள் இரண்டு கைகளையும் நீட்டித் தேய்த்தாள். வெறும் தண்ணீரில் கிரீஸ் போகவில்லை. குடம் காலியாகும் வரை அவன் ஊற்றினான்.