இருநூறாவது நாள்

ஓவனைத் திறந்ததும் தாரகாவின் கண்ணில் முதலில் பட்டவை, இருநூறு நாளாக எண்பது டிகிரியில் வைத்திருந்த அவளுடைய பிளாஸ்டிக் வில்லைகள் அல்ல. அவற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு பீக்கர்கள்.

"அருண், இது யாரோடது?"

"என்னோடதுதான்க்கா," என்றான் அந்தச் சிங்கப்பூர் ஆய்வகத்தில் சேர்ந்து ஒரு வருடமே ஆன அருண்ராஜ். "மத்த ஓவன் ஃபுல். நேத்து கழுவி, நூத்தி இருபதுல அரை மணி நேரம் காய வச்சேன். கவலைப்படாதீங்க லா, மறக்காம உங்க எண்பதுக்கே திருப்பி வச்சுட்டேன்."

தாரகா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கண்ணாடி எப்படி வயதாகிறது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஜன்னல் கண்ணாடியல்ல, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ஒழுங்காக அடுக்கி நிற்க நேரமில்லாமல் அப்படியே உறைந்துபோன அதுவும் ஒருவகைக் கண்ணாடிதான். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியா நிலையத்தில் முண்டியடித்து ஏறிய கூட்டம், ரயில் ஓட ஓட, ஒருவர் பையை இறக்க, இன்னொருவர் தோளைத் திருப்ப, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி நிற்குமே, அப்படித்தான் எண்பது டிகிரியில் அந்த மூலக்கூறுகளும். நாளாக ஆக நகர்வு மெதுவாகும், ஆனால் நிற்காது. நூறு டிகிரியைத் தாண்டினாலோ எல்லோரும் இறங்கி மறுபடி ஏறிய மாதிரி. இருநூறு நாள் வயது அரை மணி நேரத்தில் போய்விடும்.

இருந்தாலும் ஒரு வில்லையை எடுத்து அளந்து பார்த்தாள். வயதான கண்ணாடியைச் சூடாக்கினால் திரையில் ஒரு மேடு எழும்ப வேண்டும். நூறாவது நாளில் எடுத்த வில்லையில் அழகாக எழும்பியிருந்தது. இப்போது, நேற்று உறைந்த கண்ணாடிக்கு வருவது போல, ஒரு படியும் அதன்மேல் சின்னப் புடைப்பும்தான்.

அருண்ராஜ் பின்னால் வந்து நின்றான். திரையைப் பார்த்தே புரிந்துகொண்டான். "சாரிக்கா. நூறு நாள் வரைக்கும் லாக் கிராஃப்ல பாயிண்ட் எல்லாம் நேர்கோட்டுலதானே இருக்கு? அப்படியே நீட்டிட்டா யாருக்குத் தெரியும்?"

"அந்தக் கோடு எப்பவாவது வளையுமா, வளையாதான்னு கேக்கத்தான்டா நான் மூணு வருஷமா இங்க இருக்கேன். நானே ஸ்கேல் வச்சு நீட்டினா எதுக்கு ஆராய்ச்சி?"

"டிசம்பர்ல உங்க ஸ்காலர்ஷிப் முடியுதே."

"முடியட்டும்."

"சரி, நேத்து மூணே காலுக்கு எண்பதுல வச்சேன். கிட்டத்தட்ட ஒரு நாள் ஏற்கெனவே ஓடிருச்சு. அங்கிருந்தே எண்ணலாமே?"

தாரகாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஓவன் தானா ஆறியிருக்கு. எவ்வளவு நேரத்துல ஆறுச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறந்த நேரம் தெரியாத கண்ணாடிக்கு வயசு எப்படிச் சொல்றது?"

மதியம் பேராசிரியருக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினாள். இன்னொரு இருநூறு நாள் வேண்டும், ஏப்ரல் வரை இருப்பேன் என்று முடித்தாள். சிராங்கூனில் டியூஷன் நிலையம் நடத்தும் பூவம்மாவுக்கு அடுத்த அழைப்பு. இயற்பியலுக்கு ஆள் கேட்டு இருமுறை அழைத்தவர். இருமுறையும் மறுத்தவள் இவள்.

"இன்னைக்கே வாம்மா, ஆறு மணிக்கு," என்றார் அவர்.

தாரகா தானே ஓவனை நூற்று இருபதுக்கு ஏற்றினாள். அதே பிளாஸ்டிக் தகட்டிலிருந்து வெட்டிய புது வில்லைகள், பத்து நிமிடம். ஒவ்வொன்றாக எடுத்து, முதல் தடவை செய்தது போலவே, குளிர்ந்த செப்புத் தகட்டில் வைத்தாள். அருண்ராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை உரக்கச் சொன்னான். ஓவன் எண்பது டிகிரிக்கு இறங்கியதும் அவற்றை உள்ளே அடுக்கினாள். குறிப்பேட்டில் நேரம்: 4.52.

கதவை மூடிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள்.