பத்து மணிக் கோடு

நாற்காலியோடு ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் உறையை மருமகன் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். வருவேனா என்றது அது. நான்கு கால்களிலும் டேப் சுற்றி இறுக்கியவன் அவனேதான், போன திங்கட்கிழமை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவன். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள். இந்த ஒரு நாற்காலிக்கு மட்டும் எதற்கு உறை என்று ஒருவராவது கேட்பார்.

உள்ளறையில் மாமனார் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மனைவி தன் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். உறை சரசரக்கும்போதெல்லாம் அவள் விசும்பல் ஒரு கணம் நின்றது.

ஒருவழியாகக் கிழித்தெடுத்துச் சுருட்டியபோது அந்த வாடை வந்தது. பத்து மாதமாக அவனோடு குடியிருக்கும் வாடை. அவன் சலவைக்கடை வைத்திருப்பவன். ஊரார் கறையெல்லாம் அவன் மேஜைக்கு வரும். வியர்வை, ரத்தம், குழந்தை கக்கிய பால், குடித்துவிட்டு எடுத்த வாந்தி. பார்த்தவுடன் எதனால் வந்தது, எத்தனை நாளானது என்று சொல்லிவிடுவான். வெறுங்கையால் தொடுவான், அதில் அவனுக்குக் கர்வம்கூட உண்டு. ஆனால் மாமனாருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்று ஆபரேஷன் ஆகி, சிறுநீருக்கு வைத்த குழாயை எடுத்த பிறகு சிறுநீர் அடங்காமல் கசியத் தொடங்கியதும் அதே மனிதனுக்குக் குமட்டியது. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர் அவர். எத்தனை பெரிய பெட்டியையும் சத்தமில்லாமல் தரையில் இறக்கத் தெரிந்தவர், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததும் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டார். மருமகனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். அருவருப்பாகத்தான் இருந்தது.

விரிப்புகளைக் கடைக்கு அனுப்பக்கூடாது என்று முதல் வாரமே சொல்லிவிட்டான். "கஸ்டமர் துணி போடற மெஷின் மாமா." அவர் சரி என்றார். அன்றிலிருந்து வீடு எழுந்திருக்குமுன் தானே அலசிப் பிழிந்து மொட்டைமாடியில் காயப்போட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாமனார் அவர்களோடு புது சோபாவில் உட்கார்ந்து கிரேன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்த வேகத்தில் எழுந்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மருமகன் பேசாமல் போய்க் கறை எடுக்கும் ஸ்பிரேயைக் கொண்டுவந்தான், அத்தனை பேர் முன்னாலும் மண்டியிட்டான், தேய்த்தான். எலுமிச்சை மணம் கூடமெல்லாம் பரவியது. "இனிமே அப்பாவை அந்த நாற்காலியிலயே உட்காரச் சொல்லு," என்றான் மனைவியிடம், அவர் அங்கேயே நிற்கும்போது.

மறுநாள் உறை போட்டான். அதற்குப் பிறகு மூன்று நாளும் உறை காய்ந்தே கிடந்தது. அவனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, கண்டிப்பா சொன்னாதான் வழிக்கு வர்றார்," என்று நேற்றுக்கூட மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டான்.

சுருட்டிய உறையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் உள்ளறைக்குப் போனான். அலமாரியைத் திறந்து பழைய போர்வைகளுக்குப் பின்னால் திணித்தான். திரும்பும்போதுதான் ஜன்னல் விளிம்பில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தான். அதில் மார்க்கரால் ஆறு கோடுகள் போட்டிருக்கும். ஆறு மணி, எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. அந்தந்த மணிக்கு அந்தந்தக் கோடு வரை தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். வியாழக்கிழமைதோறும் மாமனார் போய்வரும் கூட்டத்தில் கொடுத்தது. ஆபரேஷன் ஆன ஆண்கள் நாலைந்து பேர் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள அறையில் கூடி, எத்தனை பேட் மாற்றினோம், எப்போது கசிந்தது என்று கூச்சமே இல்லாமல் பேசிக்கொள்வார்களாம். கேட்டபோதே அவனுக்கு உடம்பு கூசியது.

பாட்டிலில் தண்ணீர் கழுத்து வரை இருந்தது. மூடியில் தூசு படிந்திருந்தது. உள்ளே ஓர் எறும்பு செத்து மிதந்தது.

காலையில் தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. "நாக்கெல்லாம் வறண்டு கிடக்கே. இந்த வெயில்ல தண்ணி ஒழுங்கா குடிச்சாரா? ஏற்கெனவே இதயம் வீக். இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தண்ணி குறைஞ்சா தாங்காது." மனைவி அழுதுகொண்டே, "பாட்டில் கணக்குப்படி குடிப்பார் டாக்டர், அதுல தப்பவே மாட்டார்," என்றிருந்தாள்.

கசிய ஒன்றும் இல்லாவிட்டால் எதுவும் கசியாது. இவ்வளவுதான் விஷயம். மூன்று நாளாக உறை காய்ந்து கிடந்ததன் ரகசியம் இவ்வளவுதான். மருமகன் மனைவியின் முதுகைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. பாட்டிலை எடுத்து உறைக்குப் பக்கத்தில் வைத்து அலமாரியைச் சாத்தினான். இது மட்டும் இவளுக்குத் தெரியக்கூடாது என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறு எதுவும் அவன் மனத்தில் இல்லை.

முதலில் வந்தவர் மாமனாரின் தம்பி. பத்து மாதத்தில் ஒரு தடவை எட்டிப் பார்க்காதவர். செண்ட் தெளித்த கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டே உள்ளே போய் அண்ணனைப் பார்த்தார், பொத்திக்கொண்டே வெளியே வந்தார். மருமகனை ஓரமாக இழுத்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. கேக்கறவங்ககிட்ட ஹார்ட் அட்டாக்னு மட்டும் சொல்லுங்க. அந்த ஆபரேஷன் பேச்செல்லாம் எதுக்கு? ஆம்பளைக்கு அசிங்கம்."

கைக்குட்டைக்கு மேலே சுருங்கியிருந்த அந்த மூக்கையே மருமகன் பார்த்தான். இதே மூஞ்சியைத்தான் தானும் பத்து மாதமாக வைத்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தோன்றியது.

ஒன்பதரை மணிக்கு அந்த வியாழக்கிழமைக் கூட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற உயரமான கிழவர் ஒருவர், பேக்கரிக்காரர், ஐம்பது வயதுகூட ஆகாத ஓர் ஒல்லி ஆள். அவரை மற்ற இருவரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். குழாய் எடுத்து ஒன்பது நாள்தான் ஆகிறதாம். உள்ளே போய்ப் பார்த்தார்கள். பேக்கரிக்காரர் மாமனாரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். வாத்தியார் அழவில்லை. வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தார். புதுசு உட்காராமல் நின்றார்.

"உட்காருய்யா. இது நம்ம ஆள் வீடு," என்று வாத்தியார் அவரைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். மருமகனின் கண் சோபா துணிமேல் போய்விட்டுத் திரும்பியது. இன்றைக்குமா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம்போல் இருந்தது அவனுக்கு.

"உங்க மாமனார் மாதிரி ஒருத்தர் கிடையாது தம்பி," என்றார் வாத்தியார். குரலைத் தணிக்கத் தெரியாத மனிதர். "வந்தப்போ ஒரு நாளைக்கு ஆறு பேட். மூஞ்சிய நிமித்தவே மாட்டார். போன வியாழக்கிழமை ரெண்டு. செவ்வாய்க்கிழமை நான் போன் பண்றேன், 'பூஜ்யம் வாத்தியாரே'ங்கறார். நம்பவே முடியல. பேக்கரில இருந்த எல்லாரும் கைதட்டினோம். போன்லயே கேட்டிருக்கும் அவருக்கு."

"ரெண்டு கேக் அதிகமா வித்த மாதிரி துள்ளினேன் நான்," என்றார் பேக்கரிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மாமனாரின் தம்பி கைக்குட்டையை இன்னும் இறுக்கி அமுக்கிக்கொண்டார். மருமகன் சுவரைப் பார்த்தான்.

பத்து மணிக்கு வாத்தியாரின் சட்டைப்பையில் அலாரம் அடித்தது. சாவு வீடு என்பது அவருக்கு நினைவில்லையோ, நினைவிருந்தும் நிறுத்த மனமில்லையோ. அவரும் பேக்கரிக்காரரும் பைகளைத் திறந்து ஆளுக்கொரு பாட்டிலை எடுத்து, பத்து மணிக் கோடு வரை குடித்தார்கள். ஒருவர் குடிக்க ஒருவர் பார்த்துக்கொண்டார். புதுசு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அவர் பாட்டிலைக் கொஞ்சம் கொண்டு வாங்க. கசிவு நின்னு காயறவர் பாட்டில் புது ஆளுக்குப் போகணும், அது எங்க வழக்கம். இன்னைக்குக் கூட்டத்துல புதுசு கையில தானே குடுக்கறேன்னு சொல்லியிருந்தார். அந்தக் குறை வேண்டாம்."

"கொண்டு வரேன்," என்று எழுந்தான் மருமகன்.

காலியாகக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனான். தொட்டியைச் சுற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்கள் டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள். குளியலறையில் உடம்பைத் துடைக்க வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பால்கனி நிறைய செருப்பும் ஆட்களும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொட்ட அவன் சொந்த வீட்டில் அவனுக்கு ஓர் இடம் இல்லை.

பாத்திரம் வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். குடித்துத் தீர்த்துவிடுவதுதான் ஒரே வழி. மூடியைத் திருகினான். விளிம்பில் மாமனாரின் உதடு பட்ட இடம் மங்கலாக ஒரு வளையம் கட்டியிருந்தது. எறும்பு மேலே வந்து விளிம்பைத் தொட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயருகே கொண்டுபோனான். ஓங்கரித்தது, கண்ணில் நீர் வந்தது. இன்னொரு தரம் முயன்றான். முடியவில்லை. ஊரார் கறையைத் தொடுகிற கைதான், ஆனாலும் முடியவில்லை. பத்து மாதம் பழகிய அருவருப்பு அந்த ஒரு வாய்த் தண்ணீருக்காக விட்டுக்கொடுப்பதாக இல்லை.

பாட்டிலை அப்படியே கொண்டுவந்து வாத்தியாரிடம் நீட்டினான்.

வாத்தியார் வாங்கினார். தூசைப் பார்த்தார். எறும்பைப் பார்த்தார். கழுத்து வரை நின்ற தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்து, கணக்குப் போடுகிறவர்போல் ஆறு கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"ஞாயித்துக்கிழமையிலேருந்து."

"அதான் பூஜ்யமா," என்றார் வாத்தியார். சத்தமான அந்தக் குரல் முதல்முறையாக இறங்கியது. "அதுக்குத்தான் கைதட்டினோமா நாங்க."

பேக்கரிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தண்ணியைக் குறைக்கறதுதான் முதல் தப்புன்னு எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தவரே அவர்தான் தம்பி. அவர் ஏன் நிறுத்தணும்? வீட்டுல ஏதாவது நடந்துச்சா?"

மருமகன் வாயைத் திறந்தான். உள்ளறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பாட்டிலைப் பார்த்தாள். உறையில்லாமல் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். அதன் கால்களில் இன்னும் டேப் துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கடைசியாக அவனைப் பார்த்தாள்.

அப்போது மாமனாரின் தம்பி கைக்குட்டையை உதறினார். செண்ட் நெடி பறந்தது. புதுசு மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"பிடி, பிடி!" என்று வாத்தியாரும் பேக்கரிக்காரரும் ஒரே குரலில் பதறினார்கள், தங்கள் தொடைகளையும் சேர்த்து இறுக்கிக்கொண்டே. புதுசு தும்மினார். அடக்கிப் பிடிக்க எடுத்த ஒன்பது நாள் பயிற்சி தும்மலுக்குப் போதவில்லை. துள்ளி எழுந்தார். புது சோபாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க," என்று அவர் சட்டையை இழுத்து இழுத்து முன்னால் விட்டுக்கொண்டார். முகம் அழுதுவிடும்போல் ஆகியிருந்தது. மருமகன் அசையவில்லை.

மனைவி கூடத்தைக் கடந்து சமையலறைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் கறை எடுக்கும் ஸ்பிரே இருந்தது. நேராக வந்து புருஷன் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, அதை வைத்தாள்.

"இந்தாங்க," என்றாள்.

பிறகு புதுசின் பக்கம் திரும்பினாள். "நீங்க உட்காருங்கண்ணா. இது ஒண்ணுமில்ல. நல்ல தண்ணி எடுத்துட்டு வரேன், பத்து மணி ஆயிடுச்சு."

புதுசு தயங்கித் தயங்கி அதே இடத்தில் உட்கார்ந்தார். மருமகன் நின்ற இடத்திலேயே நின்றான். இறுக்கிப் பிடித்திருந்த ஸ்பிரேயின் வாயிலிருந்து எலுமிச்சை மணத்தோடு ஒரு சொட்டு அவன் விரலில் இறங்கி, மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் போனது.