கறுக்காத காலர்

பிஷ்கேக் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஓட்டுநர்கள் சுவரோரமாக வரிசையில் நின்றிருந்தார்கள். நடுவில் நின்ற எசென் இருமலை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டான். திங்கட்கிழமை முதல் ஆள் ஏற்றும் பழைய டீசல் வேன்கள் நகரத்துக்குள் ஓடக் கூடாது. புது மின்சார பஸ்ஸில் வேலை கிடைக்க அவனுக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. கண், காது, இதயம் எல்லாம் தேறிவிட்டன, இனி குழாயில் ஊதிக் காட்டும் நுரையீரல் பரிசோதனைதான்.

அவனுக்குப் பின்னால் சகலை உலான், மனைவியின் தங்கை கணவன், நின்றான். மாஸ்கோவில் கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன், திரும்பி வந்ததும் மின்சார பஸ்ஸில் ஓட்டுநராக உட்கார்ந்துவிட்டான். ஆறு மாதத்துக்கொரு முறை நடக்கும் பரிசோதனைக்கு வந்திருந்தான். காலை ஷிப்ட் முடித்து வந்தும் அவன் வெள்ளைச் சட்டையின் காலரில் புகை படிந்த கறுப்புக் கோடு இல்லை.

முந்தின நாள் மனைவி பெர்மெத் எசெனின் காலரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, "என் தங்கச்சிக்கு இந்த வேலையே இல்லையாம். கொடுத்து வச்சவ" என்று சொல்லியிருந்தாள்.

"என்ன சகலை, முகம் கடுகடுன்னு இருக்கு? வீட்டுல ரொட்டி கிடைக்கலையா?" என்றான் உலான்.

"உன்னைப் பாத்ததும் பசி போயிடுச்சு."

உலான் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீங்க இருமுறதை நானும் பாக்குறேன். நர்ஸு பேரைத்தான் கூப்பிடுறா, அவளும் டாக்டரும் ஆளை நிமிந்து பாக்குறதில்ல. உங்க பேருக்கும் நானே ஊதிட்டு வந்துடறேன். நமக்குள்ள என்ன?"

எசென் ஓட்டுவது பத்தொன்பது வருடப் பழைய வேன். புகை ஏறும் தரை ஓட்டையைப் பழைய கம்பளத்தால் அடைத்திருந்தான். புகையை வடிகட்டும் டப்பாவை, உள்ளிருக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்காக, மற்ற ஓட்டுநர்களைப்போல அவனும் அறுத்து விற்றிருந்தான். அந்தக் காசில்தான் உலானின் கல்யாணத்துக்கு ஆடு வாங்கிக் கொடுத்தான்.

"அப்புறம், சகலை மூச்சுலதான் எசென் பொழைக்கிறான்னு உன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லுவா. என் மூச்சை நானே ஊதிக்கிறேன்."

உள்ளே போய் எசென் மூன்று தடவை குழாயில் ஊதினான். மூன்றாவது தடவை இருமல் நிற்கவில்லை.

"சிகரெட்டா?" என்றாள் டாக்டர்.

"தொட்டதே இல்லம்மா. வேன் ஓட்டுறேன்."

அவள் எழுதி முடித்தாள். "புது பஸ்ஸுக்கு இந்த நுரையீரல் ஆகாது. புகைப் பக்கம் போகாம இருங்க."

அடுத்து உள்ளே போன உலான் இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டான். எசெனின் காகிதத்தைப் பார்த்தவன், அதை மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தான். கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எசெனுக்கு.

போக்குவரத்து அலுவலகத்தில் குமாஸ்தா சொன்னான்: "நகர எல்லைக்கு வெளிய, புதுக்குடியிருப்புப் பக்கம் உங்க வேனையே ஓட்டுங்க. அங்கெல்லாம் புது பஸ் வராது."

"எங்க வீடே அங்கதான். அதுக்கு டாக்டர் காகிதம் வேணாமா?"

"அதுக்கு எதுக்குங்க அது?"

திங்கட்கிழமை காலை குடியிருப்பு நிறுத்தத்தில் வேன் கறுப்பாகக் கக்கியது. பெர்மெத் மகளின் மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு ஏறினாள். நகர எல்லை வந்ததும் எல்லாரும் இறங்கி, சத்தமில்லாமல் காத்திருந்த மின்சார பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். ஓட்டுநர் இருக்கையில் உலான். எசென் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பஸ்ஸின் படியில் கால் வைத்ததும் பெர்மெத் மகளின் மூக்கிலிருந்து சால்வையை எடுத்தாள்.