எண்பது கிலோமீட்டரும் ஒரு சொல்லும்

எங்கள் எஸ்தோனியாவின் தாலினிலிருந்து பின்லாந்தின் ஹெல்சின்கிக்கு எண்பது கிலோமீட்டர் கடல். கப்பலில் இரண்டு மணி நேரம், விமானத்தில் அரைமணி.

“கப்பல்லயே போயேன் சித்தி, டிக்கெட்டும் கம்மி,” என்றாள் அக்கா மகள் மார்யே.

“ரெண்டு மணி நேரம் கடலைப் பாத்துட்டு உக்காந்தா மனசு மாறிடும்டி. அரைமணின்னா யோசிக்கறதுக்குள்ள எறக்கி விட்டுடுவான்.”

எழுபத்தெட்டு வயதில் ஒரு கிழவனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். என் வாயில் அது லேசில் வராது.

பென்ட்டி பின்லாந்துக்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில், தாலின் துறைமுகத்துச் சாப்பாட்டுக்கடையில் நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது பழக்கம். அப்போது சோவியத் ஆட்சி, நாங்கள் அந்தக் கரைக்குப் போக அனுமதி கிடையாது. அவன்தான் கப்பலேறி வருவான். அவன் தன் மொழியில் பேசுவான், நான் எஸ்தோனிய மொழியில் பதில் சொல்வேன். அக்கா தங்கை மொழிகள், பாதிக்குப் பாதி புரியும். புரிந்த பாதியை நம்பித்தான் மோசம் போனேன். எங்கள் கறுப்பு ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டே சிரிப்பான். அடடா, அந்தச் சிரிப்பு!

அடுத்த மே மாதம் வந்து பெண் கேட்கிறேன் என்றவனிடமிருந்து தந்திதான் வந்தது. ‘வீட்டில் புல்மியா. மே மாதம் வரவில்லை.’ எங்கள் மொழியில் புல்மத் என்றால் கல்யாணம், இதுவும் அதுதான் என்று நினைத்தேன். எவளையோ கட்டிக்கொள்ளப் போகிறான், அதை எனக்கே தந்தி அடிக்கிறான்! பின்னால் வந்த நான்கு கடிதங்களையும் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான தார்த்துவுக்கே போய்விட்டேன். கடைசிவரை நான் கட்டிக்கொண்டது என் வீம்பைத்தான்.

போன மாதம் பழைய பெட்டியை ஒழித்தபோது அந்தத் தந்தி மார்யே கையில் சிக்கியது. அவள் ஹெல்சின்கியில் ஆறு வருடம் வேலை பார்த்தவள்.

“ஐயோ சித்தி! அவங்க பாஷைல புல்மான்னா சிக்கல். கல்யாணம் இல்ல!”

தந்தியைப் பிடுங்கி மறுபடி படித்தேன். அவளே தேடிப்பிடித்து அவனுக்குப் போன் செய்தாள். மனைவி இறந்து ஏழு வருடமாம். “வரச் சொல்லு” என்று மட்டும் சொன்னானாம்.

விமானம் ஏறியது. கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. இவ்வளவுதானா?

விமான நிலைய வாசலில் பென்ட்டி கோலூன்றி நின்றான். அதே காது, அதே முழி.

“அது என்ன சிக்கல்?” என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவள் முதலில் கேட்டது அதைத்தான்.

“அம்மா பனியில வழுக்கி விழுந்து கால் ஒடஞ்சுபோச்சு. ஆறு வாரம் கட்டு.”

ஆறே வாரம்! போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதுவிட்டேன். “தப்பு என்மேலதான் பென்ட்டி. மன்னிச்சிடு.”

பையிலிருந்த கறுப்பு ரொட்டியை நீட்டினேன். ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

“இப்ப வீட்ல புல்மா ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன்.

வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தான்.

“எந்த பாஷைல கேக்குற, லெய்டா?”